இரண்டாம் அலெக்சாண்டர்: விடுவித்த ஜாரா, கடன் ஏற்றிய ஜாரா?

கேள்வி (ஒரு வாசகர்), 27 பிப்ரவரி 2021

ரஷ்யாவை ஆண்ட ஜார்களில் ஒரே ஒரு நல்லவரைச் சொல்லுங்கள் என்றால் நான் இரண்டாம் அலெக்சாண்டரைத்தான் சொல்வேன். 1861ல் ஒரே கையெழுத்தில் 2 கோடிக்கும் மேற்பட்ட பண்ணையடிமைகளுக்கு விடுதலை கொடுத்தார். அதற்குக் கிடைத்த பரிசு, 1881ல் வெடிகுண்டு. மறுப்பவர் யாரும் உண்டா?

27 பிப்ரவரி, இரவு

மறுக்கிறேன். 'ஒரே கையெழுத்து' என்பதையும் மறுக்கிறேன், 'பரிசு' என்பதையும் மறுக்கிறேன்.

முதலில் கையெழுத்து. 1856 மார்ச்சில் மாஸ்கோ பிரபுக்களிடம் அவர் பேசியது பிரபலம்: அடிமைமுறை கீழிருந்து தானாக ஒழியும்வரை காத்திருப்பதைவிட மேலிருந்து நாமே ஒழிப்பது மேல். அதற்குப் பிறகு ஐந்து வருடம் போனது. 1857ல் ஒரு ரகசியக் குழு போட்டார். அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் நிலக்கிழார்கள், இழுத்தடித்தார்கள். அந்த நவம்பரில் வில்னா ஆளுநர் நசீமோவுக்கு எழுதிய ஆணையை வெளியிட்ட பிறகுதான் விஷயம் ஊருக்குத் தெரிந்தது. பின்வாங்க வழியில்லாமல் போனது. சட்டத்தை வரைந்த ஆணையங்களுக்குத் தலைவர் ரஸ்தோவ்ஸெவ், உண்மையில் உழைத்தவர் நிக்கலாய் மிலூத்தின் என்ற அதிகாரி. அரண்மனைக்குள்ளிருந்து தாங்கிப் பிடித்தவர்கள் ஜாரின் தம்பி கான்ஸ்தந்தீனும் சித்தி எலெனா பாவ்லவ்னாவும். 1860 பிப்ரவரியில் ரஸ்தோவ்ஸெவ் இறந்ததும் அந்த இடத்தில் ஜார் உட்கார வைத்தது பானின் என்ற பிரபுவை, அதாவது அடிமைமுறைக்கு வேண்டப்பட்ட மனிதரை. நண்பர்களையும் எதிரிகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, இருவருக்கும் பாதிப் பாதி கொடுத்து அனுப்புவது இவருடைய வழக்கம். சட்டம் அப்படித்தான் பிறந்தது, அதன் நோயும் அங்கிருந்துதான் வந்தது.

பரிசு விஷயத்தை அப்புறம் எழுதுகிறேன்.

28 பிப்ரவரி

'நோய் என்று சொல்லிவிட்டு நிறுத்திவிட்டீர்கள்' என்று கேட்டிருக்கிறார்கள். சரி, கணக்கையே போட்டுவிடுவோம்.

என் அப்பா கிராமக் கணக்குப்பிள்ளை. புதிதாக எந்தச் சட்டம் வந்தாலும் அதன் முகவுரையைப் படிக்க மாட்டார். எந்தப் பதிவேட்டில் யார் பெயரில் என்ன தொகை ஏறுகிறது என்று நேராக அங்கே போவார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

1861 சட்டப்படி ஆளுக்கு விடுதலை இலவசம். இனி அவனை விற்க முடியாது, அடிக்கப் பண்ணையாருக்கு உரிமையில்லை, யாரையும் கேட்காமல் கல்யாணம் செய்துகொள்ளலாம், சொத்து வாங்கலாம், வழக்குப் போடலாம். இதைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்லாதீர்கள். ஆனால் நிலம் இலவசமில்லை. அவன் காலங்காலமாக உழுத துண்டை அவனே விலை கொடுத்து மீட்க வேண்டும். விலையை எப்படிப் போட்டார்கள் என்பதில்தான் வித்தை இருக்கிறது.

ஒரு குடியானவன் பண்ணையாருக்கு வருடம் 9 ரூபிள் குத்தகைப் பணம் கட்டி வந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு 6 வட்டி தரும் முதலீட்டில் வருடம் 9 ரூபிள் வர வேண்டுமென்றால் முதல் எவ்வளவு இருக்க வேண்டும்? 150 ரூபிள். அதுதான் அவன் நிலத்தின் 'விலை'. சந்தையில் அந்த மண் என்ன போகும் என்று யாரும் பார்க்கவில்லை. வடக்கே மண் மோசமான மாகாணங்களில் குடியானவர்கள் நெசவு, வண்டியோட்டம், நகரத்துக் கூலி என்று சம்பாதித்து அந்த 9 ரூபிளைக் கட்டி வந்தார்கள். அதாவது மண்ணின் விலை என்ற பெயரில் அவனுடைய உழைப்பையே அவனிடம் விலைக்கு விற்றார்கள். ஆளுக்கு விடுதலை இலவசம் என்று மேலே எழுதினேன் அல்லவா? காகிதத்தில் மட்டும்தான்.

இந்த 150ல் 80 விழுக்காட்டை, 120 ரூபிளை, அரசு பண்ணையாருக்குக் கடன் பத்திரமாகக் கொடுத்தது. மீதி 30ஐக் குடியானவன் நேரே பண்ணையாரிடம் கட்ட வேண்டும். அரசு கொடுத்த 120க்கு அவன் வருடம் 6 விழுக்காடு, 7 ரூபிள் 20 கொபெக், 49 வருடம் கட்ட வேண்டும். பெருக்கிப் பாருங்கள்: 352 ரூபிள் 80 கொபெக். முப்பது வயதில் கையெழுத்துப் போட்டவன் கடனைப் பேரன் தலையில் வைத்துவிட்டுத்தான் போவான்.

28 பிப்ரவரி, சற்றுப் பிறகு

ஒரு நண்பர் 'பண்ணையாருக்குக் கொண்டாட்டம்தானே' என்கிறார். அப்படியும் இல்லை. 1861க்கு முன்பே மூன்றில் இரண்டு பங்கு பண்ணையடிமைகள் அரசு வங்கிகளில் அடமானத்தில் இருந்தார்கள். ஆம், மனிதர்கள்தான் அடமானப் பொருள். பழைய கடனைக் கழித்துக்கொண்டுதான் அரசு பத்திரம் கொடுத்தது. கையில் மிஞ்சிய பத்திரமும் சந்தையில் முகமதிப்புக்குக் கீழே போனது. ஆக, இருவரும் ஏமாந்தார்கள். ஆனால் ஒருவர் ஏமாந்து பாரிஸில் உட்கார்ந்திருந்தார், இன்னொருவர் ஏமாந்து ஏர் பிடித்தார்.

1 மார்ச்

'அவருடைய வளர்ப்பைப் பற்றிச் சொல்லுங்கள், அப்பன் நிக்கலாய் இரும்பு மனிதராயிற்றே' என்ற கேள்விக்கு.

பிறந்தது 1818, மாஸ்கோ கிரெம்ளினில். 1825 டிசம்பரில் ராணுவ அதிகாரிகள் ஜாராட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த அன்று வயது ஏழு. அப்பா அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் விசுவாசமான படைவீரர்கள் முன்னால் காட்டினார். ஆட்சி என்றால் என்ன என்று அந்தப் பையனுக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான். இரண்டாவது பாடம் ஆசிரியர் ஷுக்கோவ்ஸ்கியிடமிருந்து வந்தது. அவர் கவிஞர், மென்மையானவர், தன் சொந்தப் பண்ணையடிமைகளை விடுவித்தவர். 1837ல் பட்டத்து இளவரசனை ரஷ்யா முழுக்கச் சுற்றிக் காட்டினார்கள். ரொமானோவ் வாரிசுகளில் சைபீரியாவுக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் இவர்தான். அங்கே நாடுகடத்தப்பட்டிருந்த டிசம்பர் கிளர்ச்சிக்காரர்களைப் பார்த்துவிட்டு, அவர்களுக்குச் சலுகை கேட்டு அப்பாவுக்கு எழுதினார். வியாத்காவில் ஒரு பொருட்காட்சியைச் சுற்றிக் காட்டிய இளைஞர், தண்டனையாக அங்கே அனுப்பப்பட்டிருந்த ஹெர்ஸன். அந்த ஹெர்ஸன்தான் பிற்பாடு லண்டனில் உட்கார்ந்து பத்திரிகை நடத்தி ஜாராட்சியை உலுக்கியவர். அடிமை ஒழிப்பு தொடங்கியபோது இந்த ஜாரை மனதாரப் பாராட்டியவரும் அவர்தான்.

ஆனால் இளகிய மனதால் மட்டும் 1861 வந்ததாக நான் நம்பவில்லை. 1855ல் பட்டத்துக்கு வரும்போது பிரிட்டன், பிரான்ஸ், துருக்கியுடன் கிரீமியப் போர் நடந்துகொண்டிருந்தது, செவஸ்தபோல் கோட்டை விழுந்தது. மாஸ்கோவுக்குத் தெற்கே ரயில் பாதை இல்லை, மருந்தும் வெடிமருந்தும் மாட்டு வண்டியில் போயின. 25 வருடம் பட்டாளத்தில் கிடக்கும் அடிமைகளை வைத்து இனிப் போர் நடத்த முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. குறைந்த காலம் பயிற்சி கொடுத்து ஊருக்கு அனுப்பலாம் என்றால், துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த அடிமையை எந்தப் பண்ணையார் ஊருக்குள் விடுவார்? ஆகவே முதலில் அடிமைமுறை போக வேண்டும். போர்த்துறை அமைச்சர் திமீத்ரி மிலூத்தின் (மேலே சொன்ன நிக்கலாயின் அண்ணன்) 1874ல் கொண்டுவந்த கட்டாயப் படைச்சேவைச் சட்டத்தில் ஆறு வருடம் படையில், ஒன்பது வருடம் (தேவைப்பட்டால் அழைக்கும்) இருப்புப் படையில் என்று ஆனது. பிரபு மகனும் குடியானவன் மகனும் ஒரே சட்டத்துக்குள் வந்தார்கள்.

2 மார்ச்

பெஸ்த்னா. இந்த ஊர்ப் பெயரை இந்த விவாதத்தில் யாருமே எடுக்கவில்லை, அதனால் நானே எடுக்கிறேன்.

கசான் மாகாணத்துக் கிராமம். விடுதலைச் சட்டம் நூற்றுக்கணக்கான பக்கங்களில் வந்து சேர்ந்தது. ஊரில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் அந்தோன் பெத்ரோவ் என்ற குடியானவர். அவரிடம் கொடுத்தார்கள். எண்களும் அட்டவணைகளும் நிறைந்த அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தவர், உண்மையான விடுதலை இதற்குள்தான் இருக்கிறது, நிலமெல்லாம் நம்முடையது, பண்ணையார்கள் மறைக்கிறார்கள் என்று சொன்னார். சுற்று வட்டாரத்திலிருந்து ஆயிரக்கணக்கில் வந்து அவர் வீட்டைச் சூழ்ந்து நின்றார்கள், கையில் ஆயுதம் இல்லாமல். அவரை ஒப்படைக்கச் சொல்லிப் படை வந்தது. மறுத்தார்கள். 1861 ஏப்ரல் 12ஆம் தேதி (அப்போது ரஷ்யாவில் வழங்கிய பழைய நாட்காட்டி) வரிசை வரிசையாகச் சுட்டார்கள். ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். கடைசியில் பெத்ரோவ் வெளியே வந்தார், சட்டப் புத்தகத்தைத் தலைமேல் தாங்கிக்கொண்டு. ஒரு வாரத்துக்குள் அவரையும் சுட்டுக் கொன்றார்கள்.

அந்த மனிதர் ஜாரை எதிர்க்கவில்லை. ஜார் நமக்கு நல்லதுதான் எழுதியிருப்பார் என்று முழுசாக நம்பினார். நம்பியவனைச் சுட்ட ஆட்சி, பிறகு நம்பாதவர்கள் குண்டோடு வந்தபோது ஆச்சரியப்பட்டது.

3 மார்ச்

விடுதலைச் சட்டத்தில் கையெழுத்திட்ட நாள் பழைய ரஷ்ய நாட்காட்டியில் பிப்ரவரி 19, நம் நாட்காட்டியில் மார்ச் 3. இன்றோடு 160 வருடம். மறுநாள், 1861 மார்ச் 4, வாஷிங்டனில் லிங்கன் பதவி ஏற்றார். தேவாலயங்களில் அறிக்கையை வாசித்தது இரண்டு வாரம் கழித்துத்தான், நோன்பு தொடங்கும் முன் வரும் ஞாயிறன்று. குடித்துவிட்டுக் கலவரம் செய்வார்கள் என்று அரசு பயந்தது. மக்கள் அமைதியாகக் கேட்டார்கள். பிஷப் ஃபிலாரெத்தின் கனத்த மொழியில் எழுதப்பட்டிருந்ததால் பாதிப் பேருக்குப் புரியவில்லை.

5 மார்ச்

கணக்கு எழுதிய குறிப்பில் இரண்டு விஷயம் விட்டுப்போனது.

ஒன்று, வெட்டிக்கொண்ட நிலம். சட்டம் வகுத்த உச்ச அளவுக்கு மேல் குடியானவன் கையில் இருந்ததைப் பண்ணையார் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். கருமண் மாகாணங்களில், முக்கியமாக வோல்கா பக்கம், இது பெரிய இழப்பு. வெட்டப்பட்ட துண்டு எங்கே இருக்கும் தெரியுமா? குளத்துக்குப் போகும் வழியில், மேய்ச்சல் பக்கத்தில். மாடு அதைத் தாண்டாமல் தண்ணீருக்குப் போக முடியாது. அதனால் அந்தத் துண்டுக்கு மறுபடி பண்ணையாரிடமே குத்தகை, அதற்குக் கூலியில்லா வேலை. வீட்டு வேலைக்கென்று வைத்திருந்த சுமார் 15 லட்சம் பேருக்கோ நிலமே கிடையாது.

இரண்டு, கிராமச் சமூகம். 'மீர்' என்பார்கள். கடன் தனி ஆள் பெயரில் இல்லை, ஊர் பெயரில். ஒருவன் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அதனால் ஊரை விட்டு எவனும் லேசில் போக முடியாது, வெளியூர் போகத் தேவையான கடவுச்சீட்டுக்கு ஊர் சம்மதம் வேண்டும். பண்ணையார் போன இடத்தில் பக்கத்து வீட்டுக்காரனே காவலாளியாகிவிட்டான்.

இத்தனைக்கும் பிறகு அவரைச் சும்மா விட்டுவிடலாமா, திட்டித் தீர்க்கலாமா என்று எனக்குள் ஒரு வாரமாக ஓடுகிறது. நிலமே இல்லாமல் விடுவித்திருக்கலாம், பால்டிக் மாகாணங்களில் அவருடைய பெரியப்பா காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். பிரபுக்களில் பலர் கேட்டதும் அதைத்தான். நிலத்தோடு என்று அவர் பிடிவாதமாக நின்றார். அது அவர் கணக்கில் வரவுதான்.

7 மார்ச்

என்னைக் கேட்டால் அவர் செய்ததில் மிக நல்ல காரியம் 1861 அல்ல, 1864 நவம்பர். நீதிமன்றச் சட்டம். அதற்கு முன் ரஷ்யாவில் வழக்கு என்றால் மூடிய அறை, எழுத்து, லஞ்சம். பிரபுவுக்கு ஒரு நீதிமன்றம், வணிகனுக்கு இன்னொன்று. ஒரே ஆணையில் திறந்த விசாரணை, ஜூரி, வழக்கறிஞர், பதவியிலிருந்து நீக்க முடியாத நீதிபதி எல்லாம் வந்தன. அடிமையாக இருந்தவன் மூன்றே வருடத்தில் ஜூரி நாற்காலியில் உட்காரத் தகுதி பெற்றான். அதே வருடம் ஜனவரியில் வந்த ஸெம்ஸ்த்வோ எனும் உள்ளாட்சி மன்றங்கள் கிராமங்களுக்குப் பள்ளிக்கூடமும் வைத்தியரும் கொண்டுவந்தன.

அந்த ஜூரி அவரையே மறுத்த நாள் ஒன்று உண்டு. 1877ல் பீட்டர்ஸ்பர்க் ஆளுநர் திரேபோவ், தொப்பியைக் கழற்றவில்லை என்பதற்காக பகலூபவ் என்ற அரசியல் கைதிக்குச் சவுக்கடி கொடுத்தார். 1878 ஜனவரியில் வேரா ஸசூலிச் என்ற பெண் மனுக் கொடுப்பவள்போல வந்து அவரைச் சுட்டுக் காயப்படுத்தினாள். சுட்டது நான்தான் என்று மறைக்கவும் இல்லை. மார்ச் 31 அன்று தீர்ப்பு. ஜூரித் தலைவர் எழுந்து 'இல்லை, குற்ற...' என்று தொடங்கினார். சொல்லை முடிக்கக் கூட்டம் விடவில்லை, அவ்வளவு ஆரவாரம். நீதிபதி கோனி அதிகாரிகளின் அழுத்தத்துக்கு இணங்காமல் வழக்கை நடத்தியவர்.

ஜார் என்ன செய்தார்? அவளை மறுபடி பிடிக்க ஆணையிட்டார் (அதற்குள் வெளிநாடு தப்பிவிட்டாள்), அதிகாரிகளைத் தாக்கும் வழக்குகளை ஜூரியிடமிருந்து பிடுங்கி ராணுவ நீதிமன்றத்துக்கு மாற்றினார். தான் கொடுத்ததைத் தன் கையாலேயே திரும்ப எடுத்தது இவருடைய ஆட்சி முழுக்க நடந்தது. அதில் எனக்கு மிகவும் வலிப்பது இந்த இடம்.

8 மார்ச்

'நல்லவர்' என்ற சொல்லைப் போலந்துக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். ரஷ்ய ஆட்சிக்கு எதிராக அங்கே நடந்த 1863 ஜனவரி எழுச்சியை அடக்கிய விதம், தூக்குமரங்கள், சைபீரியாவுக்குப் போன ஆயிரமாயிரம் பேர். உக்ரைனியர்களிடம் சொல்லிப் பாருங்கள்: 1876 எம்ஸ் ஆணை அவர்கள் மொழியில் புத்தகம் அச்சிடுவதையே ஏறக்குறைய முழுதும் தடுத்தது. ஒரு மொழியை அச்சிலிருந்து துரத்துவது என்றால் என்னவென்று நமக்கு விளக்க வேண்டியதில்லை. 1864ல் காக்கசஸ் போர் முடிந்தபோது அந்த மலைப்பகுதி மக்களான செர்கேசியர்கள் லட்சக்கணக்கில் கருங்கடல் கரைக்குத் துரத்தப்பட்டு, துருக்கிக்குக் கப்பலேறினார்கள். வழியிலும் கரையிலும் பசியாலும் நோயாலும் செத்தவர்கள் ஏராளம். மத்திய ஆசியாவில் தாஷ்கந்து, சமர்கந்து, கீவா, கோகந்து எல்லாம் இவர் காலத்தில்தான் விழுந்தன.

9 மார்ச்

ஒரு நண்பர் ஹெல்சிங்கியில் வேலை பார்க்கிறவர், 'இங்கே நகர நடுவில் இவர் சிலை இருக்கிறதே, ஏன் இடிக்கவில்லை?' என்று கேட்கிறார். காரணம் பீடத்திலேயே இருக்கிறது: 1863. 1809க்குப் பிறகு கூட்டவே கூட்டாத பின்லாந்து (அப்போது ரஷ்யப் பேரரசின் பகுதி) நாடாளுமன்றத்தை அந்த வருடம் கூட்டினார். ஃபின்னிஷ் மொழிக்கு அலுவலகங்களில் இடம் கொடுக்கும் ஆணையும் அந்த வருடம்தான். பிற்பாடு பேரன் இரண்டாம் நிக்கலாய் 1899ல் பின்லாந்தின் உரிமைகளில் கை வைத்தபோது, மக்கள் இந்தச் சிலையடியில் மலர் குவித்தே எதிர்ப்பைக் காட்டினார்கள். சோஃபியாவிலும் சிலை உண்டு, 1877-78 துருக்கிப் போரால் பல்கேரியா விடுபட்டதற்காக.

வார்சாவில் ரத்தம், ஹெல்சிங்கியில் நாடாளுமன்றம், இரண்டும் அதே 1863. கேட்காமல் அடங்கி நின்றவனுக்குக் கொடுத்தார், கேட்டு எழுந்தவனை அடித்தார். நான் புரிந்துகொண்ட இரண்டாம் அலெக்சாண்டர் இதுதான். உரிமை என்பது அவர் கையால் கொடுக்க வேண்டியது, யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

10 மார்ச்

குடும்ப விவகாரம் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக: மூத்த மகன் நிக்கலாய் 1865ல் நீஸ் நகரில் இறந்தான், அதிலிருந்து வீடு சரியாகவில்லை. எகத்தெரீனா தல்கருக்கவா என்ற பெண்ணுடன் உறவு 1866 முதல். பேரரசி மரீயா 1880ல் இறந்து நாற்பது நாள் கழிந்ததும் எகத்தெரீனாவைக் கல்யாணம் செய்துகொண்டார். மகன்களுக்கு ஆத்திரம். இதற்கு மேல் எனக்கு ஆர்வமில்லை.

13 மார்ச்

ஜார் கொல்லப்பட்டு இன்றோடு 140 வருடம். பழைய நாட்காட்டியில் 1881 மார்ச் 1, ஞாயிறு.

பரிசு என்றீர்களே, அது இப்போது. அதற்கு முன்பே அவரைக் கொல்ல முயன்றவர்கள் பலர்: 1866ல் கரகோஸவ், 1867ல் பாரிஸில் ஒரு போலந்து இளைஞர், 1879ல் சலவ்யோவ் (ஜார் வளைந்து வளைந்து ஓடித் தப்பினார்), அதே வருடம் மாஸ்கோ அருகே ரயில் வெடிப்பு. 1880 பிப்ரவரியில் குளிர்கால அரண்மனைக்குள்ளேயே ஹல்த்தூரின் என்ற தச்சர் கொஞ்சம் கொஞ்சமாக டைனமைட்டைக் கொண்டுவந்து தன் படுக்கையில் ஒளித்து வைத்து வெடித்தார். விருந்தாளி வரத் தாமதமானதால் ஜார் சாப்பாட்டு அறைக்குப் போகவில்லை. செத்தது நடுத்தளத்தில் காவலிருந்த வீரர்கள், 11 பேர். குடியானவர் வீட்டுப் பிள்ளைகள்.

அந்த ஞாயிறு பீட்டர்ஸ்பர்க்கில் கத்தரீனா கால்வாய்க் கரையில் ரீசகோவ் எறிந்த முதல் குண்டில் ஒரு கொசாக் காவலரும் வழியே போன ஒரு சிறுவனும் விழுந்தார்கள். வண்டிக்காரர் ஓட்டிவிடலாம் என்று கெஞ்சினார். ஜார் இறங்கிவிட்டார், அடிபட்டவர்களையும் பிடிபட்டவனையும் பார்க்க. இரண்டாவது குண்டு காலடியில் விழுந்தது. எறிந்தவர் கிரினியவீத்ஸ்கி, அவரும் அன்றே இறந்தார். இறங்கியதற்காக அவரை நான் மதிக்கிறேன். அதற்காக முந்தைய குறிப்புகளில் ஒரு வரியைக்கூட மாற்ற மாட்டேன்.

சில வருடங்களுக்கு முன் அங்கே போயிருந்தேன். அதே இடத்தில் கட்டிய பெரிய தேவாலயம், கால்வாய்க்குள் நீட்டிக் கட்டியிருக்கிறார்கள், குண்டு விழுந்த இடம் உள்ளே வர வேண்டும் என்பதற்காக. சுவரெல்லாம் கண்கூசும் மொசைக். மேற்குப் பக்கம் கல் விதானத்துக்குக் கீழே கொஞ்சம் குனிந்து பார்த்தால் பழைய தெருவின் உருளைக் கற்களும் கால்வாய்க் கம்பியழியும் இருக்கின்றன. கற்கள் சமமில்லாமல், இடையில் இடைவெளி விட்டு, எந்தத் தெருவிலும் இருப்பதுபோல. கூட்டம் அதைப் பார்க்கவில்லை, மேலே தங்கத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

14 மார்ச்

'அன்று காலை அவர் அரசியல் சாசனத்தில் கையெழுத்திட்டார், கொலைகாரர்கள் கெடுத்துவிட்டார்கள்' என்று நேற்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். எல்லா இடத்திலும் வரும் கதை இது. அது சாசனம் இல்லை. அமைச்சர் லோரிஸ்-மெலிக்கோவின் திட்டம்: ஸெம்ஸ்த்வோக்களும் நகரங்களும் தேர்ந்தெடுத்த சிலரைச் சட்ட வரைவுக் குழுக்களில் ஆலோசனை சொல்லச் சேர்ப்பது. முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அன்று காலை ஜார் அதற்கு இசைந்தார், மூன்று நாள் கழித்து அமைச்சர் கூட்டம் வைக்கச் சொன்னார். அவ்வளவுதான்.

ஆனாலும் அது வந்திருந்தால் முதல் படியாக இருந்திருக்கும் என்பதை மறுக்க மாட்டேன். அதை மிதித்துப் போட்டது குண்டு மட்டுமில்லை. மகன் மூன்றாம் அலெக்சாண்டர், தன் பழைய ஆசிரியர் பபெதனோஸ்த்ஸெவ் எழுதிக் கொடுத்த அறிக்கையை ஏப்ரல் 29ல் வெளியிட்டு, தனியாட்சியில் மயிரளவும் விடமாட்டேன் என்று அறிவித்தார். லோரிஸ்-மெலிக்கோவ் விலகினார். அந்த வசந்தத்தில் யூதர்கள் மீது கலவரங்கள் தொடங்கின. கொலைக்குத் திட்டமிட்ட ஜெல்யாபவ், பெரோவ்ஸ்கயா உள்ளிட்ட ஐந்து பேரைத் தூக்கிலிட்டார்கள். ஒரு மனிதரைக் கொன்றால் ஆட்சிமுறை விழும் என்று அவர்கள் போட்ட கணக்கும் தப்பு. மக்கள் எழவில்லை.

17 மார்ச்

கடைசியாக வந்த கேள்வி: அந்த 49 வருடக் கடன் முழுசாகக் கட்டப்பட்டதா?

இல்லை. நிலுவை ஏறிக்கொண்டே போனது. 1880களில் தொகையைக் கொஞ்சம் குறைத்தார்கள். 1905ல் கிராமங்கள் பற்றி எரிந்த பிறகுதான் அரசு இறங்கி வந்தது: 1906க்குப் பாதி, 1907 ஜனவரி 1 முதல் முழு ரத்து. அதற்குள் குடியானவர்கள் மொத்தத்தில் அசலைவிட அதிகமாகவே கட்டிவிட்டிருந்தார்கள்.

கேள்வி கேட்ட நண்பருக்கு: அவரை நல்லவர் பட்டியலில் வைப்பதா என்பது உங்கள் இஷ்டம். நான் கேட்டுக்கொள்வது, 1861 பற்றி எழுதும்போது அந்த 9 ரூபிளையும் அந்தோன் பெத்ரோவையும் சேர்த்து எழுதுங்கள், 1864 நீதிமன்றத்தையும் விட்டுவிடாதீர்கள். மூன்றாம் அலெக்சாண்டரைப் பற்றிப் பேச ஆள் இருந்தால் தனி இழை திறவுங்கள், வருகிறேன்.